எந்த விளக்கு, எத்தனை மணிக்கு?

மே 20, இரவு பத்தேகால். மூன்று வாடிக்கையாளர்களின் மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர் 3பி படிவத்தை அன்று நள்ளிரவுக்குள் ஏற்றியாக வேண்டும். இரண்டை முடித்துவிட்டேன். மூன்றாவதற்கு ஓடிபி வந்தது, எண்ணைப் போட்டு அழுத்தினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் டிவி அலமாரிக்குள் இருந்த ரவுட்டரில் ஒரு விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. மகளின் மொபைலை வாங்கி, ஹாட்ஸ்பாட் போட்டு, முதலிலிருந்து உள்நுழைந்து எல்லாம் முடிக்கும்போது மணி 11.40. தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம். அந்த 50 ரூபாயை நானே கொடுத்துவிடலாம். ஆனால் பத்து வருஷமாக என்னை நம்பிக் கணக்கைக் கொடுக்கிறவரிடம் "நெட் போச்சு" என்று எப்படிச் சொல்வது?

நாங்கள் இருப்பது தில்லி முனிர்கா டிடிஏ குடியிருப்பில், மேல் மாடி. தலைக்கு மேல் மொட்டைமாடிதான். வீட்டிலிருந்தே சின்னச் சின்ன கடைகளுக்கும் இரண்டு மூன்று தமிழ்க் கேட்டரிங்காரர்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பு. கணவர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பார். மாமனார் எங்களோடு இருக்கிறார், 79 வயது. இணையம் ஒரு நாள் இல்லையென்றால் நான்கு பேருக்கும் நான்கு விதமாகக் கை ஒடிந்துபோகும்.

தொல்லை ஆரம்பித்தது ஹோலிக்குப் பிறகு வீட்டுக்கு வெள்ளையடித்ததிலிருந்து. அப்போது நாங்கள் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. வெயில் ஏற ஏற, ஒரு நாளைக்கு ஒரு தரம் போனது மூன்று தரம், நான்கு தரம் ஆனது. சில சமயம் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும், சில சமயம் முக்கால் மணி நேரம் ஆகும். ஆளுக்கொரு காரணம் சொன்னோம். ஏசி போட்டால் வோல்டேஜ் இறங்குகிறது என்றார் கணவர். மொட்டைமாடியில் குரங்குகள் கேபிளைப் பிடித்து ஆட்டுகின்றன என்றேன் நான். முனிர்காவில் குரங்கைக் குற்றம் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நம் வைஃபையைத் திருடுகிறார் என்றாள் மகள்.

அந்த ஏப்ரலில் நான் செய்த ஒரு தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரிச்சலில் ஒரு குண்டூசியை எடுத்து ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் பத்து விநாடி அழுத்திவிட்டேன். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ஸ்விட்சை அணைத்துப் போடுவது ரீஸ்டார்ட், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. அந்தத் துளை ரீசெட். வைஃபை பெயர், கடவுச்சொல் மட்டுமல்ல, கம்பெனிக்காரர்கள் உள்ளே போட்டு வைத்திருந்த பயனர் பெயரும் இணைப்பு அமைப்புகளும் சேர்ந்து அழிந்துவிட்டன. அவர்கள் ஆள் வந்து மறுபடி போட்டுத் தரும்வரை ஒன்றரை நாள் வீட்டில் நெட்டே இல்லை. தயவுசெய்து அந்தத் துளையைத் தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டுமென்றால் அதற்கு முன் அமைப்புப் பக்கங்களை மொபைலில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் கொடுத்தால் ஆள் வராமல் இல்லை, மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும் பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு. மொபைலில் வேகம் பார்ப்பார், "சப் டீக் ஹை, மேடம்" (எல்லாம் சரியாக இருக்கிறது) என்பார், புகாரை முடிக்க ஓடிபி கேட்பார். நானும் கொடுத்துவிடுவேன். அவர் படி இறங்கிப் போன அன்று இரவே சிவப்பு விளக்கு எரியும். போனில் பேசிய பெண், திட்டத்தை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 200க்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். குழாயில் தண்ணீர் நின்று நின்று வருகிறது என்றால் பெரிய பக்கெட் வாங்கச் சொல்வதுபோல. இணைப்பு அறுந்து அறுந்து வருவதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. மாற்றாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அந்த மே 20 இரவு நான் மொபைலோடு மல்லுக்கட்டியதை மாமா பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் காபி குடிக்கும்போது கேட்டார்: "நெட் போகுது போகுதுங்கிறியே, எது போகுது?"

"எல்லாமேதான் மாமா."

"எல்லாம் ஒண்ணா போகாதும்மா. எந்த விளக்கு, எத்தனை மணிக்கு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாமா தபால் தந்தித் துறையில் தொலைபேசிப் பிரிவில் சேர்ந்தவர். 1986இல் தில்லிக்கும் பம்பாய்க்கும் எம்டிஎன்எல் என்ற அரசுத் தொலைபேசி நிறுவனம் வந்தபோது அதற்குள் போய், லைன் பழுது பார்ப்பதிலேயே ஓய்வு பெற்றார். 198க்கு அடித்தால் புகார் வந்து விழுமே, அந்தப் பக்கம் இருந்தவர். எக்ஸ்சேஞ்சிலிருந்து கேபினட், கேபினட்டிலிருந்து பில்லர், பில்லரிலிருந்து டிபி பெட்டி, டிபியிலிருந்து வீடு. செம்புக் கம்பி ஜோடி இப்படித் துண்டு துண்டாக வரும். பழுது என்று வந்தால் முதல் வேலை, எந்தத் துண்டில் என்று பிரிப்பது. பிரிக்காமல் கம்பத்தில் ஏறுகிறவன் நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருப்பான் என்பார். "மழை பெஞ்சா வர்ற பழுது ஒண்ணு, வெயில்ல வர்ற பழுது ஒண்ணு. நேரம் எழுதி வெச்சாலே பாதி தெரிஞ்சிடும்."

போன வருஷத்து எல்ஐசி டைரி ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் மாமா கோடு போட்டுக் கொடுத்தார். போன நேரம், வந்த நேரம், விளக்குகளின் நிலை, அப்போது வீட்டில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது. நான்கு கட்டம். யார் பார்த்தாலும் எழுத வேண்டும், ரவுட்டரைத் தொடுவதற்கு முன்னால் எழுத வேண்டும். இந்தக் கடைசி விதி முக்கியம். நமக்கெல்லாம் கை முதலில் ஸ்விட்சுக்குத்தான் போகும். அணைத்துப் போட்டால் தடயம் போய்விடும்.

விளக்குகளைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே இல்லை. ஃபைபர் இணைப்பின் பெட்டியில் பவர் என்று ஒன்று, பான் என்று ஒன்று, எல்ஓஎஸ் என்று ஒன்று, அப்புறம் இன்டர்நெட், வைஃபை. பவர் அணைந்து எரிந்தால் மின்சாரமோ அடாப்டரோ. எல்ஓஎஸ் சிவப்பாக மினுக்கினால், வெளியிலிருந்து கண்ணாடி இழை வழியாக வரவேண்டிய ஒளி வரவில்லை அல்லது போதவில்லை என்று பொருள். வைஃபை, கம்பெனியின் சர்வர், பக்கத்து வீட்டுக்காரர் எதற்கும் அதில் பங்கில்லை. பான் பச்சையாக நிலையாக இருந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் போனால், ஒளி வருகிறது, கம்பெனியோடு பேச்சுதான் முறிந்திருக்கிறது. எல்லா விளக்கும் சரியாக இருந்து உங்கள் மொபைலில் மட்டும் வரவில்லை என்றால், கோளாறு வீட்டுக்குள் வைஃபையில். பெட்டிக்குப் பெட்டி பெயரும் நிறமும் கொஞ்சம் மாறும். எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதோடு மடிக்கணினியை லேன் கம்பியால் ரவுட்டரில் நேரடியாகச் செருகி, கட்டளை தட்டும் கருப்புத் திரை இரண்டைத் திறந்து வைத்தேன். ஒன்றில் 192.168.1.1க்குத் தொடர் பிங், அதாவது "இருக்கிறாயா?" என்று ரவுட்டரையே விடாமல் கேட்பது. இன்னொன்றில் 8.8.8.8க்கு, அது கூகுளின் சர்வர், வெளியுலகத்துக்கு. ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருந்து வெளியுலகம் மட்டும் நின்றால் கோளாறு ரவுட்டருக்கு அந்தப் பக்கம். இரண்டும் நின்றால் ரவுட்டரே விழுந்திருக்கிறது. வைஃபையில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். இரண்டு பழுதும் கலந்து ஒன்றும் புரியாது.

ஒன்பது நாள் எழுதினோம். பத்தாம் நாள் காலையில் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டைரியில் மூன்று நிறப் பென்சிலால் அடையாளம் போட்டார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் ஒரு நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தோம், வீட்டில் இருந்தது மூன்று. ஒருவர் ஒரு காரணத்தைச் சொன்னால் மறுநாள் இன்னொரு பழுது வந்து அதைப் பொய்யாக்கிவிடும். அதனால்தான் இரண்டு மாதம் ஒருவரை ஒருவர் நம்பாமல் சுற்றினோம்.

மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்துக்குள் ஒரு கூட்டம்: எல்லா விளக்கும் அணைந்து எரிகிறது, இரண்டு மூன்று நிமிடத்தில் தானே வந்துவிடுகிறது. இரவு பத்துக்கு மேல் இன்னொரு கூட்டம்: எல்ஓஎஸ் சிவப்பு, நெடுநேரம். மூன்றாவது, மகளின் அறையில் மட்டும், நேரம் காலம் இல்லாமல், விளக்கெல்லாம் பச்சையாக இருக்கும்போதே.

இரவுப் பழுதைத்தான் முதலில் எடுத்தோம், அதுதான் என் தொழிலில் கை வைத்தது. அந்த வரிகளில் எல்லாம் நான்காவது கட்டத்தில் "ஏசி" என்று இருந்தது. கணவருக்கு முகம் மலர்ந்தது. ஆனால் வோல்டேஜ் இறங்கினால் பவர் விளக்கு அல்லவா அணைய வேண்டும்? எல்ஓஎஸ் ஏன் சிவக்கிறது? ஒளிக்கும் ஏசிக்கும் என்ன உறவு? தவிர, ஏசி போட்ட எல்லா இரவும் போகவில்லை. மே 26 சாயங்காலம் ஏசி போடாமலே சிவந்திருந்தது. அன்று ஆந்தி, தில்லியின் புழுதிக்காற்று. மொட்டைமாடியில் கேபிள் ஆடியிருக்கும் என்று அந்த வரிக்குப் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன்.

மாமா அந்த இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனார். எங்கள் வீட்டில் ஏசி ஒன்றே ஒன்று, ஹாலில். பகலில் கூலர்தான். கூலர் ஓடினால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் புழுங்கும். ஏசி போட்டால் ஜன்னலைச் சாத்த வேண்டும். ஆந்தி வந்தாலும் சாத்துவோம். அந்த அலுமினிய நகரும் ஜன்னலின் தண்டவாளத்தில், கீழ் மூலையில், கறுப்பாக ஒரு மெல்லிய கம்பி, வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர், டிராப் வயர் என்பார்கள், உள்ளே வந்துகொண்டிருந்தது. முன்பு அது மேலே சுவரோரமாக ஆணி அடித்து வந்தது. வெள்ளையடித்தவர்கள் ஆணியைப் பிடுங்கிவிட்டு, வேலை முடிந்ததும் சுலபமான வழியில் உள்ளே விட்டுவிட்டார்கள்.

நான் மடிக்கணினியில் 192.168.1.1 பக்கத்தைத் திறந்தேன். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் பயனர் பெயர், கடவுச்சொல் போட்டால் திறக்கும். அதில் பான் நிலவரம் என்ற இடத்தில், பெட்டி வாங்கும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில் இருக்கும். எல்லாப் பெட்டியிலும் இது வெளியே தெரியாது, எங்களுடையதில் தெரிந்தது. மைனஸ் குறியோடு வரும் எண். மைனஸுக்குப் பின்னால் எண் ஏற ஏற ஒளி குறைவு. வீட்டு இணைப்புகளில் வழக்கமாகப் போடும் பெட்டிக்கு மைனஸ் 27 வரை தாங்கும். அதைத் தாண்டினால் தடுமாறும்.

"திறந்திருக்கு, எவ்வளவு?" என்றார் மாமா.

"மைனஸ் 21.4."

பாதி தள்ளினார். 21.4தான். நான்கு விரல் இடைவெளி விட்டார். பக்கத்தைப் புதுப்பித்தேன், 21.6. ஒரு விரல் இடைவெளி. 24.9. எனக்கு நெஞ்சு படபடத்தது. பிறகு அவர் இரண்டு கையாலும் தள்ளி, கொக்கியைப் போட்டார். டக் என்று சத்தம். கம்பி கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மடங்கி நெரிவது கண்ணுக்குத் தெரிந்தது. 28.6. பத்து விநாடியில் அலமாரிக்குள் சிவப்பு.

கொக்கியை எடுத்தார். பச்சை.

மூன்று முறை செய்து பார்த்தோம். மகள் வீடியோ எடுத்தாள். கணவர் சில நாள் கொக்கி போடுவார், சில நாள் சும்மா சாத்துவார். ஏசி போட்டும் சில இரவு பிழைத்ததற்கு அதுதான் காரணம். பழுது பார்க்க வந்தவர்கள் எல்லாம் பகலில், கூலர் ஓடும் நேரத்தில், ஜன்னல் திறந்திருக்கும்போது வந்தார்கள். அவர்கள் பார்க்கும்போது உண்மையிலேயே எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

21.4க்கும் 28.6க்கும் நடுவில் ஏழு சொச்சம்தானே என்று தோன்றும். இந்த டெசிபெல் கணக்கில் மூன்று குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும். ஏழு குறைந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். கண்ணாடி இழைக்குள் ஒளி சுவரில் மோதி மோதி உள்ளேயே திரும்பி ஓடுகிறது. இழையை ரொம்ப மடக்கினால் அந்த மடக்கில் ஒளி வெளியே கசிந்துவிடும். இழை உடைந்திருக்கத் தேவையில்லை, மடங்கினாலே போதும். செம்புக் கம்பியை எப்படி வேண்டுமானாலும் முடிச்சுப் போட்டுச் சுவரோரம் செருகிப் பழகிய கை நமக்கு. ஃபைபருக்கு அது ஆகாது. காபி டம்ளரின் வாயைவிடச் சிறிய வளைவு வரக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோபாவுக்குப் பின்னால், கட்டில் காலுக்கடியில், கதவிடுக்கில், ஆணியில் இறுக்கிக் கட்டிய இடத்தில் எல்லாம் ஒரு தரம் கையால் தடவிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பச்சை நிற முனையைப் பெட்டியிலிருந்து கழற்றி, வெளிச்சம் வருகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். மகள் அதைத்தான் செய்யப் போனாள், மாமா கையைப் பிடித்து நிறுத்தினார். முனையை விரலால் தொட்டாலும் எண்ணெய்ப்பசை ஒட்டி ஒளி குறையும். காரணமில்லாமல் கழற்றாமல் இருப்பதே நல்லது.

நான்காவது முறையாகப் புகார் கொடுத்தேன். இந்தத் தடவை "நெட் வரவில்லை" என்று சொல்லவில்லை. "எல்ஓஎஸ் சிவப்பு, வாங்கும் ஒளி மைனஸ் 28.6, ஜன்னலில் டிராப் வயர் நெரிகிறது, புது வழியில் இழுத்து முனை மாற்ற வேண்டும்" என்றேன். எதிர்முனையில் குரலே மாறிவிட்டது. மறுநாள் வந்த பையன் ஒளியை அளக்கும் பவர் மீட்டரும் முனை போடும் கருவியும் கையோடு கொண்டுவந்தான். வீடியோவைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்து, "ஆண்டி நே பூரா காம் கர் தியா" (ஆண்டியே முழு வேலையையும் முடித்துவிட்டார்) என்றான். நல்ல பையன், வியர்த்துக் கொட்ட மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் நின்றான். சுவரில் துளை போடும்போது மாமா பக்கத்தில் நின்று, உள்ளிருந்து வெளியே சரிவாகப் போடச் சொன்னார், மழைத்தண்ணீர் உள்ளே ஓடிவராமல் இருக்க. வெளியே கம்பி துளைக்குக் கீழே கொஞ்சம் தொங்கி, பிறகு மேலேறி உள்ளே வருகிறது. தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். புது முனை போட்டதும் 20.8 காட்டியது. ஜன்னலைச் சாத்தி, கொக்கி போட்டு, எண்ணை மறுபடி பார்த்தபிறகுதான் ஓடிபி கொடுத்தேன்.

அந்த ஓடிபி விஷயத்தில் கறாராக இருங்கள். அதைக் கொடுத்தால் உங்கள் புகார் தீர்ந்தது என்று கணக்கு. அடுத்து கொடுப்பது புதுப் புகாராகவே போய்ச் சேரும், பழைய கதை யாருக்கும் தெரியாது. புகார் எண்ணை ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதி வையுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அந்த எண்ணைத் தரவேண்டியது அவர்கள் கடமை. தீர்வு திருப்தியாக இல்லையென்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டுக்கு என்று ஓர் அதிகாரி இருப்பார், அவரிடம் போவதற்கும் அந்த எண்தான் ஆதாரம்.

மத்தியானப் பழுதுக்கு வருகிறேன். கருப்புத் திரை இரண்டும் ஒரே நேரத்தில் நின்றன, ஆக ரவுட்டரே விழுகிறது. அதன் அமைப்புப் பக்கத்தில், கடைசியாக எழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்று ஒரு வரி இருக்கும். இணைப்பு மட்டும் போய் வந்திருந்தால் அது நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். எங்களுடையது தினமும் சாயங்காலம் பார்த்தால் ஒரு மணி, ஒன்றரை மணி என்றே காட்டியது. முதல் சந்தேகம் வெயில்மேல். மேற்குப் பார்த்த சுவர், மேலே மொட்டைமாடி, மூடிய டிவி அலமாரி, அதற்குள் செட்டாப் பெட்டியும் ரவுட்டரும் ஒன்றன்மேல் ஒன்று. உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தோம், மூன்று மணிக்கு 43. இந்தப் பெட்டிகளின் குறிப்பேட்டில் பொதுவாக 40 டிகிரி வரைதான் போட்டிருக்கும். வெளியே எடுத்து, ஹாலின் உள்சுவரில், ஆள் உயரத்தில், காற்றாடும்படி மாட்டினோம். விழுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

மாமா தன் பழைய மல்டிமீட்டரை எடுத்து அடாப்டரின் முனையில் வைத்தார். 12.1 வோல்ட். "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவரே கொஞ்சம் நேரம் யோசித்தார். "சும்மா வெச்சு அளந்தா சாகக் கிடக்கிறதும் பன்னெண்டு காட்டும். சுமை ஏத்தினாத்தான் தெரியும்." ஆனால் சுமையோடு அளக்க வேண்டிய அவசியம் வரவில்லை. மகள் கீழே குனிந்து ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள்: 12 வோல்ட், 1.5 ஆம்பியர். அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர். செட்டாப் பெட்டியின் பின்னால் போய்ப் பார்த்தாள். அதில் 1.5 செருகியிருந்தது. வெள்ளையடித்தபோது எல்லாவற்றையும் கழற்றி, திரும்பச் செருகும்போது நான்தான் மாற்றிச் செருகியிருக்கிறேன். முனை ஒரே அளவு, நிறமும் ஒன்று, இரண்டிலும் 12. வேலை குறைவாக இருக்கும்போது ஒரு ஆம்பியரில் ஓடிவிடும். நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால், போதாக்குறைக்கு அடாப்டரும் சூடாக இருந்தால், மின்னழுத்தம் தாழ்ந்து பெட்டி படுத்து எழுந்திருக்கும்.

அடாப்டர் மாற்றும்போது வோல்ட் அச்சாக அதே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவு, அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று ஒரு சின்ன வட்டப் படம் போட்டிருக்கும், அதுவும் பொருந்த வேண்டும். நேரு பிளேஸில் எந்தச் சந்தில் கேட்டாலும் அடாப்டர் கிடைக்கும். இந்த மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மூன்று வருஷம் ஓடிய அடாப்டர் உள்ளே கெபாசிட்டர் தளர்ந்து இதே மாதிரி செய்வதும் உண்டு. ரவுட்டரை மாற்றுவதற்கு முன் அடாப்டரை மாற்றிப் பார்ப்பது மலிவான வழி. இப்போது எங்கள் வீட்டில் ஒவ்வொரு அடாப்டரிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி எந்தப் பெட்டிக்கு என்று தமிழில் எழுதியிருக்கிறது.

மூன்றாவது, மகள் அறை. அது இணையம் அறுவதே இல்லை, வைஃபை மட்டும். எங்கள் ஹாலில் நின்று பார்த்தால் 30 பேர் வைஃபை தெரிகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். மொபைலில் இலவச வைஃபை அலசும் செயலி ஒன்றைப் போட்டு, எதில் கூட்டம் குறைவு என்று பார்த்து 1இல் நிலையாக வைத்தோம். 5 கிகாஹெர்ட்ஸ் தானியங்கியில் விட்டிருந்தோம். அது சில நேரம் 100ஆம் சேனலில் போய் உட்காரும். 52 முதல் 144 வரை ரேடார்களோடு பங்கு போட்டுக்கொள்ளும் சேனல்கள். ரேடார் கேட்டதாக ரவுட்டருக்குப் பட்டால் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அப்படிப் போகும்போது எல்லாரையும் உதறிவிட்டுப் போகும். ரவுட்டரின் பதிவேட்டில் ரேடார் என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. 36இல் நிலைநிறுத்தினோம், அதோடு சரி. பெட்டியை அலமாரியிலிருந்து வெளியே எடுத்ததிலேயே அவள் அறையில் சிக்னல் ஏறியும் இருந்தது.

ஜூன் 20, அடுத்த 3பி நாள். நாள் முழுக்க ஒரு தடவையும் போகவில்லை. வேலை முடித்து, மடிக்கணினியை மூடி, எழுந்திருக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஜூலையில், நல்ல மழையில், ஒரு நாள் எல்ஓஎஸ் மறுபடி சிவந்தது. நான் ஜன்னலுக்கு ஓடினேன். மாமா இருந்த இடத்திலிருந்தே, "எதிர்வீட்ல கேளு" என்றார். எதிர்வீட்டிலும் சிவப்பு, கீழ்வீட்டிலும் சிவப்பு. ஒரு இழையை வழியில் ஒளிப்பிரிப்பான் வைத்து எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு வீட்டுக்குப் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். பக்கத்தில் பலருக்கும் ஒரே நேரத்தில் போனால் பழுது நம் வீட்டில் இல்லை. மூன்று பேரும் தனித்தனியாகப் புகார் கொடுத்து எண்ணை வாங்கிக்கொண்டோம். நான் மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். மாமா டைரியை எடுத்து எழுதினார்: மாலை 6.10, எல்ஓஎஸ், மழை, மூன்று வீடு. வந்த நேரத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, பேனாவை அதற்குள்ளேயே வைத்து மூடினார்.